நாகஜோதி கண்ணை மூடிக்கொண்டு பார்த்த படம்

பேய்ப்படம் என்றால் எனக்குச் சத்தம் வேண்டும். கதவு படாரென்று சாத்திக்கொள்ள வேண்டும், கண்ணாடி உடைய வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று திரையிலிருந்து என் மூஞ்சிக்கு நேராகப் பாய வேண்டும். திண்டுக்கல்லில் ஒரே தியேட்டரில் இருபத்து நான்கு வருடமாக மேனேஜராக இருக்கிறேன். இந்த ஊருக்கு வந்த பேய்களில் என் கண்ணுக்குத் தப்பியது ஒன்றுகூடக் கிடையாது. பயத்தைப் பற்றி இந்த ஞானராஜுக்குத் தெரியாததா என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது. அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவர் எங்கள் தியேட்டரில் கேண்டீன் நடத்தும் நாகஜோதி. இத்தனைக்கும், பதினாறு வருடத்தில் அவர் எங்கள் தியேட்டருக்குள் உட்கார்ந்து ஒரு பேய்ப்படம்கூடப் பார்த்தவரில்லை.

பார்த்ததில்லை, கேட்டிருக்கிறார். செண்பகம் தியேட்டரில் கேண்டீன் இருக்கும் இடம் அப்படி. கீழ் வகுப்பின் பக்கவாட்டுக் கதவுக்கு எதிரே, நாலு அடி தள்ளி. பழைய மரக்கதவு. அடியில் எலி புகுந்து போகும் அளவுக்கு இடைவெளி. உள்ளே நடப்பதெல்லாம் ஒலியாக வெளியே வந்துகொண்டிருக்கும். நாகஜோதி சுண்டலுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே, பாலைக் காய்ச்சிக்கொண்டே, காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருப்பார்.

அவர் கேண்டீன் எடுத்த முதல் வருடத்தில் ஒரு பேய்ப்படம் வந்தது. முதல் நாள் இடைவேளையில் கூட்டம் அலை மோதுகிறது. நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்கிறேன். நாகஜோதி என்னைக் கூப்பிட்டு மெதுவாக, "சார், இது அடுத்த வெள்ளிக்கிழமை தாங்காது" என்றார். வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று மனதுக்குள் திட்டினேன். புதன்கிழமையே படம் படுத்துவிட்டது. அடுத்த வருடம் யாரும் பெயர் கேள்விப்படாத ஒரு சின்னப் பேய்ப்படம். அதற்கு அவர், "இத எடுத்துறாதீங்க சார், ஓடும்" என்றார். நான்கு வாரம் ஓடியது.

இந்தச் செய்தி முதலாளி காதுக்குப் போனது. முதலாளி நைனா முகமதுக்குத் தோல் மண்டிதான் பிரதானம். தியேட்டரை வாங்கினாரே ஒழிய, ஒரு படத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்த சரித்திரம் அவருக்குக் கிடையாது. அன்றிலிருந்து எந்தப் பேய்ப்படம் போட்டாலும் முதல் காட்சி இடைவேளையில் எனக்குப் போன் வரும். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்க மாட்டார். "நாகஜோதி என்ன சொல்லுது?" என்பார். காதல் படம், சண்டைப் படம் பற்றிக் கேட்டால் நாகஜோதி, "அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே சார்" என்று சொல்லிவிடுவார். அந்த அளவுக்கு எனக்கும் ஒரு மரியாதை வைத்திருந்தார்.

அவருடைய கணிப்பில் காது பாதி, மீதி பாதி முட்டை பப்ஸ். உள்ளே ஜனங்கள் ஓவென்று அலறினால் நாகஜோதி அடுத்த தட்டையும் எடுத்து வைப்பார். "அலறுனவனுக்குப் பசிக்கும் சார். கத்திச் சிரிச்சுட்டு நேரா இங்கதான் வருவான். பயந்தவனுக்குப் பசிக்காது. டீய வாங்கி ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நிப்பான். பாத்ரூமுக்குத் தனியாப் போறவன் வாசல்ல நின்னு, பின்னாடி யாராச்சும் வர்றானான்னு பாத்துட்டுத்தான் உள்ள போவான். அந்தப் படம் ஓடும்."

அதாவது, நல்ல பேய்ப்படம் வந்தால் நாகஜோதிக்கு நஷ்டம். இதைச் சொல்லி அவரைச் சீண்டுவது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. "ஏம்மா, உங்க பொழப்புல மண்ணள்ளிப் போடுற படத்தத்தானே நல்ல படம்ங்கிறீங்க" என்பேன்.

"ருசி வேற, பொழப்பு வேற சார்" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஒருநாள் மத்தியானம் கூட்டமே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். சத்தம்தான் பயம் என்று நான். சத்தம் நிற்பதுதான் பயம் என்று அவர். அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். நாகஜோதிக்குச் சாணார்பட்டிப் பக்கம் ஊர். அப்பாவுக்கு மல்லிகைத் தோட்டமும் கொஞ்சம் கத்தரிக்காய் நிலமும். இவருக்குப் பதினோரு வயதில் ஒரு பள்ளி விடுமுறை நாள். உச்சி வெயில். அண்ணன் மோட்டார் ரூமில் இருக்கிறான். இவர் கத்தரிப் பாத்திக்கு மடை மாற்றிவிட்டுக்கொண்டு வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"மோட்டாரு ஓடிக்கிட்டே இருந்துச்சு சார். சட்டுனு நின்னுருச்சு. கரண்டு போயிருச்சோன்னு திரும்பிப் பாக்கேன், மோட்டார் ரூம் பல்பு எரியுது. அண்ணேன்னு கூப்டேன். பதில் இல்ல. ரெண்டாந்தடவ கூப்பிட வாய் வரல. போயிப் பாக்கவும் காலு வரல. வாய்க்கால்ல தண்ணி கொஞ்சங் கொஞ்சமா இளைச்சுக்கிட்டே வருது. அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். என் கண்ணாடி வளையல் சத்தம் எனக்கே கேக்குது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அண்ணன் தென்னந்தோப்புப் பக்கமா கொய்யாப்பழத்தக் கடிச்சுக்கிட்டு வந்தான். தண்ணி பாஞ்சது போதும்னு அவன்தான் மோட்டார நிறுத்தியிருக்கான். அம்புட்டுதான். ஒண்ணுமே நடக்கல சார். ஆனா அண்ணன் வர்ற வரைக்கும் ஒரு நேரம் இருந்துச்சுல்ல, அந்த நேரத்த எவன் படமா எடுக்கானோ அவன் படம் ஓடும்."

நான் விடவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றேன். "எங்க சார் இருண்டுச்சு? உச்சி வெயிலுன்னு சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பாலைக் கிளறப் போய்விட்டார். 

உள்ளே வந்து ஒரு படத்தைப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்டதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் கணவர் பொம்மையன் ஒரு பேய்ப்படத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பேய் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி வந்ததாம். பக்கத்தில் எல்லோரும் அலறுகிறார்கள். நாகஜோதியின் கண் நேரே போய் நின்றது பேயின் இடது கையில் இருந்த அம்மைக்குத்துத் தழும்பில். "பாவம், இதுக்கும் பள்ளிக்கூடத்துல வரிசையா நிறுத்தி வச்சுக் குத்தியிருக்காங்கன்னு தோணிருச்சு. அப்புறம் எங்கிட்டுப் பயப்பட? கண்ணு கெடுத்துரும் சார். காது கெடுக்காது."

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே வந்தவர் முதலாளியின் மகன் சதாம். சென்னையில் படித்து, அங்கேயே நான்கைந்து வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஊர் திரும்பினார். நல்ல பையன்தான். மரியாதை தெரியும். ஆனால் கை சும்மா இருக்காது. இருக்கைகளை மாற்றினார், ஏசி போட்டார், புது ஸ்பீக்கர் வைத்தார். கடைசியாக, ஒலி ஒரு துளியும் வெளியே கசியாதபடி எல்லா வாசலுக்கும் ஸ்பாஞ்ச் வைத்த இரட்டைக் கதவு போட்டார்.

கதவு மாட்டிய அன்று உள்ளே படம் ஓடிக்கொண்டிருக்கிறது. நாகஜோதி கேண்டீனை விட்டு வந்து, காய்ச்சல் பார்ப்பதுபோல அந்தப் புதுக் கதவில் கையை வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் வரல சார்" என்றார். 

அதோடு முடியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பாப்கார்ன் கம்பெனிக்காரர் கேண்டீனைக் கேட்டு வந்தார். கண்ணாடிப் பெட்டி, மஞ்சள் விளக்கு, சீருடை போட்ட ஆட்கள் என்று படம் போட்டுக் காட்டினார். சதாமுக்கு ஆசை வந்துவிட்டது. நாகஜோதியின் ஒப்பந்தமும் ஆடியோடு முடிகிறது. சதாம் ஒளிக்காமல் நேரிலேயே வந்து சொன்னார். "அக்கா, இந்த மாசம் வியாபாரம் எப்படிப் போகுதுன்னு பாக்குறேன். அத வச்சுத்தான் உங்களுக்கா, அவங்களுக்கான்னு முடிவு. தப்பா நெனச்சுக்காதீங்க."

நாகஜோதி சரி என்று தலையாட்டினார். அந்த வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். பொம்மையன் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். முதுகில் அடிபட்டு இரண்டு வருடமாகிறது, வண்டியில் உட்கார முடியாது. கேண்டீனில் ஒரு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து பாய்லரைப் பார்த்துக்கொள்வார். மகள் சுகன்யா நர்சிங் கடைசி வருடம். அந்த வீட்டில் எரியும் ஒரே அடுப்பு எங்கள் கேண்டீன் அடுப்புதான்.

ஆடி முதல் வெள்ளிக்கு ஒரு பெரிய பேய்ப்படம் போட்டோம். என் ருசிக்கே அளவெடுத்துத் தைத்த படம். பங்களா, சங்கிலி, சிவப்புக் கண், கூரையில் தலைகீழாக நடக்கும் கிழவி. ஜனங்கள் போட்ட கூச்சல் அந்த இரட்டைக் கதவையும் தாண்டி வெளியே கேட்டது. இடைவேளைக்கு ஆறு தட்டு பப்ஸ் போதவில்லை. சதாம் கேண்டீன் பக்கம் வந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். இந்தப் படத்தை இன்னும் இரண்டு வாரம் இழுத்தால் நாகஜோதி பிழைத்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து விநியோகஸ்தர் ஒரு சின்னப் படத்தைக் கொண்டுவந்தார். அதுவும் பேய்ப்படம்தான். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது வாரம் பழைய படத்தையே ஓட்டுவதா, இதைப் போடுவதா என்று கேள்வி. முதலாளி வழக்கம்போல, "நாகஜோதிகிட்ட கேளு" என்றார். வெளியே நின்று கேட்கத்தான் வழியில்லாமல் போய்விட்டதே. ஆகவே புதன்கிழமை காலை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் அந்தப் படத்தை ஓட்டிக் காட்ட ஏற்பாடானது. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக நாகஜோதி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கையில் போன். ஆபரேட்டர் கூப்பிடுகிறார், விநியோகஸ்தர் கூப்பிடுகிறார், வெளியே போகிறேன், வருகிறேன். வரும்போதெல்லாம் திரையில் ஒரு பெண் மொட்டைமாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டப்பகல். பேயையே காணோம். இதற்கு எங்கள் தெரு மாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கலாமே என்று எரிச்சலாக வந்தது. திரும்பிப் பார்த்தால் நாகஜோதி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி அசையாமல் இருக்கிறார். படம் முடிந்து வெளியே வந்ததும் சதாமிடம், "அந்தம்மா பாதிப் படத்துக்கு மேல தூங்கிட்டாங்க தம்பி" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது. பதினாறு வருடப் பொறாமை அது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அரை மணி நேரத்தில் அலுவலக அறையில் கூடினோம். முதலாளி, சதாம், நான், நாகஜோதி. "பழசத் தூக்கிருங்க முதலாளி. இதப் போடுங்க" என்றார் நாகஜோதி.

சதாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, தூங்கிட்டுப் படம் நல்லாருக்குங்கிறீங்களே" என்றார்.

நாகஜோதி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"தூங்கல தம்பி. கண்ண மூடியிருந்தேன்" என்றார். பிறகு, வெஞ்சனத்துக்குப் பக்குவம் சொல்வது போல நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். "புதுசா குடிவந்த பொண்ணு. மத்தியானம் மாடிக்குப் போயித் துணி காயப் போடுது. நாலு தடவ உதறுது. நாலு கிளிப்பு மாட்டுற சத்தம் கேக்குது. மறுநாளும் அதே நாலு உதறல். கிளிப்பு அஞ்சு. அந்தப் பொண்ணு கவனிக்கல, பாட்டுப் பாடிக்கிட்டு எறங்கிப் போயிருது. மூணாவது நாளு நாலு உதறல், நாலு கிளிப்பு. நானும் இன்னைக்கு இல்ல போலன்னு மூச்சு விட்டேன். செத்த நேரங் கழிச்சு அஞ்சாவது கிளிப்பு. அது மாடியில இல்ல தம்பி. கீழ, வீட்டுக்குள்ள."

 முதலாளி தாடியைத் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தியிருந்தார். இரண்டு கண்ணையும் அகலத் திறந்துவைத்திருந்த எனக்கு ஒரு கிளிப்பின் சத்தம்கூடக் காதில் விழவில்லை.

சதாம் முதலில் சுதாரித்துக்கொண்டார். "சரிக்கா. பயமான படம்னே வச்சுக்குவோம். பயந்தவன் பப்ஸ் வாங்க மாட்டான்னு நீங்கதான் சொல்லுவீங்களாம். அப்ப உங்க வியாபாரம்? பழைய படமே ஓடுனா உங்களுக்குத்தானே நல்லது?"

"முதலாளி படத்தப் பத்திக் கேட்டாரு. படத்தப் பத்திச் சொன்னேன். பழசுல ஜனம் அலறுது, அம்புட்டுதான். வீட்டுக்குப் போனதும் மறந்துரும். ரெண்டாவது வாரத்துக்கு ஆள் வராது. என் பாட்ட நான் பாத்துக்கிறேன் தம்பி."

முதலாளி என் பக்கம் திரும்பி, "போட்ரு ஞானராஜ்" என்றார்.

நான் கேண்டீனுக்கு ஓடினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாயில் வந்தது வசவு. "சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிறதுன்னா இதுதாம்மா. ரெண்டு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்தா கேண்டீன் உங்க கையில நிக்கும். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"கண்ண மூடுனா தூக்கம்னு எந்தப் பேய்ப்படத்துல சார் பாத்தீங்க?" என்றார் நாகஜோதி. கோபம் குரலில் இல்லை, தம்ளரைக் கழுவிய வேகத்தில் இருந்தது. ஸ்டூலில் இருந்த பொம்மையன் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதாம்மா" என்றேன். தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை மேட்னிக்கு நீங்க உள்ள உக்காந்து பாருங்க. போன ஆபீஸ்ல வச்சிட்டுப் போங்க" என்றார். பிறகு என் எதிரிலேயே நாகல் நகர் பேக்கரிக்குப் போன் செய்தார். "ஹக்கீம் பாய், வெள்ளிக்கிழமை இடைவேளைக்கு ஒரே தட்டு போதும். மிச்சம் நாலு தட்டு படம் விடுற நேரத்துக்குச் சூடா வரணும். ஆமா, விடுற நேரத்துக்குத்தான்."

படம் விட்ட பிறகு எந்த ஊரில் யார் கேண்டீனுக்கு வருகிறார்கள்? படத்தின் கடைசிக் காட்சி முடியும் முன்பே பாதிப் பேர் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிடுவார்கள். கவலையில் அவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை. காலையில் எழுந்து என் துணிகளை நானே துவைத்துக் கொல்லைப்புறக் கொடியில் போட்டேன். மகளின் பிரசவத்துக்காக என் மனைவி கோயம்புத்தூர் போய் மூன்று வாரமாகியிருந்தது. இரண்டரை மணிக் காட்சிக்கு அரங்கம் பாதிதான் நிறைந்தது. போனை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். நாகஜோதி சொன்ன கதைதான், எனக்கு எல்லாம் தெரியும், இதில் என்ன பயம் என்ற தைரியம் இருந்தது.

முதல் மத்தியானம். நாலு உதறல். நான் கிளிப்பை எண்ணினேன். நாலு. இரண்டாவது மத்தியானம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவள் காலி வாளியை எடுத்துக்கொண்டு திரும்புகிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் மெல்ல, டிக். என் பிடரியில் யாரோ ஈரத்துணியைப் போட்டதுபோல இருந்தது. வரப்போகிறது என்று தெரிந்திருந்தது எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. தெரிந்திருந்ததால்தான் அதற்காகக் காத்துக்கிடந்தேன்.  அரங்கில் ஒருவர்கூட அலறவில்லை. முன் வரிசையில் யாரோ எச்சில் விழுங்கியது எனக்குக் கேட்டது.

இடைவேளை விட்டது. விளக்கு எரிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த ஒருவர் பாதி எழுந்து, வாசலைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். ஒரு குழந்தை கோன் ஐஸ் கேட்டது. "அப்புறம் வாங்கித் தாரேன்" என்று அதன் அம்மா அதை மடியில் இழுத்துக்கொண்டார். இடைவேளையில் வாசலில் நிற்பது என் வேலை. இருபத்து நான்கு வருடத்தில் முதன்முறையாக நானும் எழுந்திருக்கவில்லை.

வெளியே நடந்ததைப் பிறகு நாகஜோதி சொன்னார். வியாபாரத்தைப் பார்க்க வந்திருந்த சதாம், மணி அடித்தும் ஒருவரும் வெளியே வராததைக் கண்டு, கதவு எதுவும் சிக்கிக்கொண்டதோ என்று இழுத்துப் பார்த்தாராம். பிறகு, தொடாமல் கிடந்த அந்த ஒரு தட்டு பப்ஸைப் பார்த்தார். "அக்கா, எனக்கே கஷ்டமா இருக்கு" என்றாராம். "படம் விடட்டும் தம்பி" என்றாராம் இவர். குரல்தான் தைரியம், பால் சட்டி மூடியைக் கீழே போட்டுவிட்டதாக அவரே ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது பாதியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கடைசி வரை பேய் என்று ஒன்றைக் காட்டவே இல்லை.

ஐந்து மணிக்குச் சற்று முன்பு கதவுகளைத் திறந்தார்கள். வெளியே நல்ல வெயில். ஆடிக்காற்றில் பேனர் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் முன்னால் போன நான்கு பேர் அப்படியே நின்றார்கள். ஒருவரும் வண்டி நிறுத்தும் பக்கம் போகவில்லை. எதற்கென்று தெரியாமல் முற்றத்தில் நின்றார்கள். அப்போது பாய்லர் பக்கத்திலிருந்து ஏலக்காய் மணம் வந்தது. ஹக்கீம் பாய் கடைப் பெட்டிகள் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. ஒருவர் போனார். அவர் பின்னால் மூன்று பேர். கொஞ்ச நேரத்தில் கேண்டீனைச் சுற்றி முழுக் கூட்டமும் நின்றது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துவைத்துப் பேசினார்கள்.

"கடைசில அந்தப் பொண்ணு எண்ணுச்சா, இல்லியா?"

"எண்ணுச்சுண்ணே. அதான் கீழ எறங்கல."

"ஏலே, சும்மா இருங்கடா. நான் வீட்டுக்குப் போகணும்."

நான்கு தட்டும் காலியாகி, பொம்மையன் மறுபடி பேக்கரிக்குப் போன் போட்டார். மாலைக் காட்சிக்கு வந்தவர்கள், "படம் எப்படி?" என்று கேட்டதற்கு, "நீயே போயிப் பாரு, நான் சொல்ல மாட்டேன்" என்று ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். சதாம் சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே புகுந்து பப்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் சற்றுக் குறைந்ததும் நாகஜோதியிடம், "படம் விட்டப்புறம் வருவாங்கன்னு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டார்.

நாகஜோதி என்னைப் பார்த்தார். "சாருக்கு ஒரு மோட்டார் கதை சொல்லியிருக்கேன். பாதிதான் சொன்னேன். அன்னைக்கு அண்ணன் வந்தப்புறம் எனக்கு அம்புட்டுப் பசி. ஒரு சட்டிச் சோறு தின்னேன் தம்பி. எந்திரிச்சு வீட்டுக்குள்ள போகவும் மனசில்ல, அண்ணன் பக்கத்துலயே உக்காந்து தின்னேன். பயத்துக்கும் பசி உண்டு. ஆனா அது முடிஞ்சப்புறந்தான் வரும்."

சதாம் அந்தக் கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு முதலாளிக்குப் போன் போட்டு, "அத்தா, அந்த பாப்கார்ன்காரர வர வேணாம்னு சொல்லிருவோம்" என்றார். நாகஜோதியின் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. பொம்மையன்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாய்லர் புகை என்றார். கேஸ் பாய்லரில் ஏது புகை!

"தம்பி, இன்னொண்ணு" என்றார் நாகஜோதி. "இந்தப் பக்கக் கதவுல மட்டும் அடியில ஒரு விரக்கட அளவுக்கு அந்த ஸ்பாஞ்ச எடுத்து விட்ருங்க."

"அதுக்குத்தானேக்கா அம்புட்டுச் செலவு பண்ணிக் கதவே போட்டேன்!" என்று சதாம் தலையில் கைவைத்தார். ஆனால் மறுநாள் ஆள் வந்து எடுத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை மேட்னி முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் போய்க் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு மாலைக் காட்சிக்குத் திரும்புவது என் வழக்கம். அன்று நான் மூன்றாவது டீயைக் குடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"வீட்டுக்குப் போகலியா சார்?" என்றார் நாகஜோதி.

"செத்த நேரம் ஆகட்டும்."

"காலையில துணி காயப் போட்டுட்டு வந்தீங்களோ?"

"ஆமா."

"எத்தன?"

யோசித்துப் பார்த்தேன். இரண்டு சட்டை. ஒரு வேட்டி. ஒரு துண்டு. பனியன் போட்டேனா, இல்லையா? நானும் எவ்வளவோ யோசித்தேன், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நாகஜோதி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"இவரு சும்மாதான் இருக்காரு. கூட அனுப்பவா சார்?" என்றார் பொம்மையனைக் காட்டி.

"அனுப்புங்க" என்றேன்.